எட்டரை முதல் ஐந்தரை வரை

பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுவதைக் காட்டிலும் கைக்குழந்தைக்கு ஆள் தேடுவது அரிது, ஐயா. மாப்பிள்ளை சரியில்லையென்றால் பெண் வாய் திறந்து சொல்லிவிடுவாள். பதினொரு மாதக் குழந்தை யாரிடம் போய்ச் சொல்லும்? அதன்பொருட்டு நாம்தான் பார்க்கவேண்டும், தட்டவேண்டும், இழுத்தும் அசைத்தும் சோதிக்கவேண்டும். நான் அவ்வளவும் செய்தவன். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை நடந்ததை மட்டும் கேட்டீர்கள். அடித்தளத்தைப் பாராமல் மேல்தளத்தைப் பேசுவது என் தொழிலுக்கு ஒவ்வாது. ஆகையால் முதலிலிருந்தே சொல்கிறேன். எழுதிக்கொள்பவர் அவசரப்படவேண்டாம்.

நான் லிஃப்ட் பரிசோதகன். பத்தொன்பது ஆண்டுகளாக இதே வேலை. கம்பிவடம், பிரேக், கதவுப்பூட்டு ஆகியவற்றைச் சோதித்துக் குறையில்லையென்றால் பச்சை அட்டை, குறையிருந்தால் சிவப்பு அட்டை தொங்கவிட்டுக் கையெழுத்திடுவேன். என் பச்சை அட்டையை நம்பி ஏறியவர் ஒருவரும் இதுவரை விழுந்ததில்லை. என் மனைவி ரொட்டி ஆலையில் மேற்பார்வையாளர். விடியற்காலை ஐந்தரைக்கே வீட்டைவிட்டுப் புறப்படுகிறவள். ஆகவே எங்கள் மகளை, சிட்டு என்று அழைப்போம், காலையில் எழுப்பி, குளிப்பாட்டி, ஊட்டி, எட்டரைக்குப் பார்த்துக்கொள்பவர் கையில் ஒப்படைப்பது என் பங்கு. மாலை ஐந்தரைக்குத் திரும்ப அழைத்துவருவது அவள் பங்கு.

முதலில் அமர்த்தியது பக்கத்துத் தெருவிலிருந்த தையற்காரம்மாவை. அவர் வீட்டு ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்தேன். கதவின் இடுக்கில் பென்சிலை வைத்துச் சாத்திப் பார்த்தேன். திரும்பி வரும்போது மனைவி சிரித்தாள்.

"நீங்க பாப்பாவுக்கு ஆள் பாக்கறீங்களா, லிஃப்டுக்குச் சர்டிஃபிகேட் குடுக்கறீங்களா? அந்தம்மா மிரண்டு போயிட்டாங்க."

"மிரளட்டும். பயம் இருந்தாத்தான் கவனம் இருக்கும்."

"என்னயக் கட்டிக்கறதுக்கு முன்னாடி இப்படித்தான் தட்டிப் பாத்தீங்களாக்கும்?"

"பாத்தேனே. பச்சை அட்டை."

அந்த நாட்களில் நாங்கள் இப்படியெல்லாம் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

வீடு நன்றாயிருந்தது. கைமாற்றுவதுதான் கடினமாயிருந்தது. வாசலில் கொடுக்கும்போது சிட்டு என் சட்டைக் கழுத்தைப் பற்றிக்கொண்டு மூச்சடைக்க அழுவாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கவேண்டும். பிரித்த விரல் மறுபடி பற்றிக்கொள்ளும். தெருவார் திரும்பிப் பார்ப்பார்கள். பெற்ற குழந்தையை ஏதோ கசாப்புக்கடையில் விட்டுப் போகிறவனைப் போல நான் நிற்பேன். இருமுறை வேலைக்குத் தாமதமாயிற்று; மூன்றாம் முறைக்கு எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். அந்த வாரம் அவளுக்குச் சளி பிடித்தது. மருந்துக்கடையில் தந்த சிவப்புத் திரவத்தில் அரைக்கரண்டி கொடுத்தேன். அன்று வாசலில் அழுகையே இல்லை. தலையைச் சாய்த்தபடி அமைதியாகப் போனாள். சளி நான்கு நாளில் நீங்கிற்று. மீண்டும் வராதிருக்கட்டும் என்று வேலைநாள் காலைதோறும் அரைக்கரண்டியை நிறுத்தாமல் கொடுத்துவந்தேன். கொடுக்கும்போது இறைவன்மேல் ஒரு துதியை மெல்லப் பாடுவேன். மூன்றாம் அடி வருவதற்குள் கரண்டி காலியாகிவிடும். தந்தைக்கும் மகளுக்கும் உரிய நேரம் அது. மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

ஒரு மாலை குளிப்பாட்டும்போது மனைவி என்னைக் கூப்பிட்டாள். குழந்தையின் கன்னங்களில் நீலம் பாய்ந்திருந்தது. இடக்கன்னத்தில் பெரிதாக ஒன்று, வலக்கன்னத்தில் சிறிதாக இரண்டு. எங்கள் தொழிலில் தேய்மானத்தைக் கண்டால் அளவெடுப்போம். அளந்தேன். விரல் தடங்கள், பெரியவர் ஒருவரின் விரல்கள். மறுநாள் தையற்காரம்மாவைக் கேட்டேன்.

"காலையில நீங்க விடும்போதே இருந்துச்சுங்க சார். நானே கேக்கணும்னு இருந்தேன்" என்றார்.

தவறு செய்தவர்கள் முதலில் சொல்லும் சொல் இதுதான். அதற்கடுத்த நாள், குழந்தையை வாங்கிக்கொள்ள வந்தவர் என் காரின் கதவோரத்தில் வலக்கையை ஊன்றியிருந்தார். குழந்தை பின்னிருக்கையில் பத்திரமாக இருந்தது. அதை முதலில் உறுதிசெய்துகொண்டேன். பிறகு கதவைச் சாத்தினேன். நான்கு விரல்கள். காய்ந்த சுள்ளி முறிவதைப் போன்ற ஒலி. கதவைத் திறந்தபோது அவர் அழவில்லை; தம் விரல்களை யாருடையவோ போல உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். நானே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன், செலவையும் நானே ஏற்றேன். வழியெல்லாம் அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார்.

"விடுங்க சார், தெரியாம சாத்திட்டீங்க. என் நேரம். நீங்க முகத்த அப்படி வச்சுக்காதீங்க."

இரண்டு விரல்கள் நேராகிவிட்டன என்று கேள்விப்பட்டேன். மற்ற இரண்டும் ஊசி பிடிக்க உதவாதாம்.

அடுத்து அமர்த்தியவர்தான் மாடி அக்கா. ஏழு மாடிக் கட்டிடத்தில் நான்காம் மாடி, நாற்பத்தைந்து வயதிருக்கும், கணவர் இல்லை, ஏற்கெனவே மூன்று குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெற்றோர்கள் இட்ட பெயர்தான் மாடி அக்கா. இம்முறை நாற்பத்து மூன்று இனங்கள் கொண்ட பட்டியலோடு சென்றேன். நாற்பத்தொன்று தேறின. நான் நாற்காலியைக் குலுக்கி, மேசையின் முனைகளைத் தடவி முடிப்பதை இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர், "சாரு, என் முதுகெலும்பையும் ஒருவாட்டி தட்டிப் பாத்துருங்க. அதுவும் பழசுதான்" என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது. கேட்ட தொகை அதிகம். மனைவி முணுமுணுத்தாள்.

"என் சம்பளத்துல பாதி அந்த மாடிக்குப் போகுது. மீதி பஸ்ஸுக்குப் போகுது. நான் எதுக்குங்க வேலைக்குப் போறேன்?"

பாதுகாப்புக்கு விலை பேசக்கூடாது என்று அடக்கினேன்.

மாடி அக்காவிடம் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு நோட்டு. வந்த நேரம், உண்ட அளவு, உறங்கிய நேரம் எல்லாம் உருண்டையான எழுத்தில் எழுதியிருப்பார். முதல் மாதம் படிக்கப் படிக்க நெஞ்சு குளிர்ந்தது. இரண்டாம் மாதத்தில்தான் எனக்கு ஐயம் தட்டிற்று. சிட்டு பகலில் நான்கு மணி நேரம், ஐந்து மணி நேரம் உறங்குவதாக எழுதியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் அவள் ஒரு மணி நேரம் உறங்கினால் அதிகம். நாளெல்லாம் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருப்பாள். ஞாயிறன்று கைமாற்றுவதில்லை, யாருக்கும் அழுகை இல்லை, மருந்தும் இல்லை, அமைதியான நாள். அதாவது, அந்த மாடிக்குப் போகும் நாட்களில் மட்டும் குழந்தை உறங்குகிறது. இதைவிடத் தெளிவான சான்று எந்த இயந்திரமும் தந்ததில்லை.

சென்ற வாரம் சிட்டுவின் அழுகை மறுபடி கூடியது. அரைக்கரண்டியை முழுக்கரண்டியாக்கினேன், வியாழனன்று ஒன்றரை. அன்று பதினொரு மணிக்கு மாடி அக்காவின் அழைப்பு வந்தது. குழந்தை எழவில்லை, தட்டினாலும், தண்ணீர் தெளித்தாலும் எழவில்லை. நான் போய்ச் சேர்வதற்குள் அவரே நான்கு மாடிப் படிகளையும் ஓடி இறங்கி, குழந்தையை மருத்துவமனையில் சேர்த்துவிட்டார். செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தார். குழந்தையின் மூக்கில் குழாய் செருகியிருந்தது. மார்பு ஏறி இறங்குகிறதா என்று நான் குனிந்து பார்க்கவேண்டியிருந்தது.

டாக்டர் என்னையும் மனைவியையும் தனியே அழைத்துச் சொன்னார்: "ரத்தத்துல தூக்கம் வரவைக்கிற மருந்து நிறைய இருக்கு. ஒருநாள் குடுத்தது மாதிரி தெரியல. யாரோ தொடர்ந்து குடுத்திருக்காங்க."

மனைவி குழந்தையின் கட்டிலுக்கு ஓடினாள். நான் அங்கேயே கணக்கிடத் தொடங்கினேன். எங்கள் முறை எளியது. பழுது தோன்றினால், சென்ற சோதனைக்கும் இந்தச் சோதனைக்கும் இடையில் யார் யார் கைவைத்தார்கள் என்று பட்டியல் இடுவோம். எட்டரை முதல் ஐந்தரை வரை குழந்தை யார் கையில் இருந்தது? ஒரே பெயர். அந்தப் பட்டியலில் பரிசோதகனின் பெயரை எழுதும் வழக்கம் எங்கள் துறையில் இல்லை. அவன் காக்க வந்தவன். பழுதுக்கு அவன் காரணமாவதில்லை.

நான் படமெடுத்து வைத்திருந்த நோட்டுப் பக்கங்களை மறுபடி பார்த்தேன். 'வரும்போதே கண் சொக்கி வந்தது.' 'இன்றும் சொக்கியே வந்தது.' 'அப்பாவிடம் சொல்லவேண்டும்.' எட்டு வாரங்களாக, நாள் தவறாமல். எத்தனை முன்யோசனை பாருங்கள். பழியை ஏற்க வேறொருவனை எட்டு வாரங்களுக்கு முன்பிருந்தே அவர் எழுத்தில் தயார் செய்துகொண்டிருந்திருக்கிறார்.

ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு அவரைப் பார்க்கப் போனேன். கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் போனேன். வேறெந்த முடிவும் என் மனத்தில் இல்லை. கதவைத் தட்டுவதற்கு முன் லிஃப்டை ஏழாம் மாடிக்கு அனுப்பிவிட்டு, நான்காம் மாடிக் கூடத்தின் விளக்கைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அந்தக் கூடத்துக்கு ஜன்னல் இல்லை.

"சிட்டு உங்களத் தேடுது அக்கா, வாங்க, ஒரு நடை பாத்துட்டு வந்துரலாம்" என்றேன்.

அவர் முகம் அப்படியே விரிந்தது. "கண்ணு முழிச்சுட்டாளா? ஆண்டவனே. இருங்க சாரு, அவ பொம்மை இங்கதான் கெடக்குது" என்று உள்ளே ஓடி, காது பிய்ந்த துணி முயலையும் நோட்டையும் எடுத்துவந்தார். "என்ன இருட்டு இது, பல்பு போயிருச்சா?"

எங்களிடம் ஒரு சாவி உண்டு. லிஃப்ட் பெட்டி அந்த மாடியில் இல்லாதபோதும் வெளிக்கதவைத் திறக்கும். திறந்து பிடித்துக்கொண்டேன். பெரியவர்களுக்கு முதலில் வழிவிடுவது என் இயல்பு. அவர் வாசலில் நின்று என் பக்கம் திரும்பினார். அவர் குரல் தாழ்ந்திருந்தது. அதில் குற்றச்சாட்டு இல்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும்.

"சாரு, தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டு நாளா இதையேதான் நெனச்சுக்கிட்டு இருக்கேன். காலையில பிள்ளைக்கு என்ன குடுக்கறீங்க?"

நான் அவர் தோளைத் தொட்டேன். தொட்டதுதான், பெரிதாகத் தள்ளவேண்டியிருக்கவில்லை. பின்னோக்கி ஒரு காலை வைத்தார். அங்கே தளம் இல்லை. முயல் என் காலடியில் விழுந்தது. ஆனால் அவர் பிடிப்பு உறுதியானது. நான்கு குழந்தைகளைத் தூக்கிப் பழகிய கைகள். எட்டு விரல்களாலும் வாசற்படியின் இரும்பைப் பற்றித் தொங்கினார். "சாரு" என்று மட்டும் சொன்னார். நான் காலணியைக் கழற்றினேன். காலணியோடு ஒருவர்மேல் கால்வைப்பது தகாது. சிட்டுவின் விரல்களைப் பிரிப்பதுபோலவே, ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக அழுத்தினேன். இங்கே பிரித்த விரல் மறுபடி பற்றவில்லை. மூன்று எண்ணுவதற்குள் கீழிருந்து ஒலி வந்தது.

அத்துடன் முடிந்திருக்கலாம். கீழே முனகல் கேட்டது; டார்ச் அடித்துப் பார்த்தேன். லிஃப்டின் அடிக்குழியில் ஒருவர் படுத்திருந்தால் பெட்டி மேலே படாது. அதற்குரிய இடைவெளி உண்டு, நானே அளந்து கையெழுத்திட்டது. உட்கார்ந்திருக்க இடம் கிடையாது. அவர் ஒரு கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்திருந்தார். நான் கதவைச் சாத்திவிட்டுப் படியிறங்கித் தரைத்தளத்துக்குப் போய், பெட்டியை வரவழைக்கும் பொத்தானை அழுத்தினேன். அது மெதுவாக இறங்கும் வகை. காத்திருந்தேன்.

பிறகு சிவப்பு அட்டையை எடுத்து, பழுது, பயன்படுத்தவேண்டாம் என்று எழுதி, தேதியிட்டுக் கையெழுத்திட்டுத் தொங்கவிட்டேன். வேறு யாரும் ஏறி அடிபட்டுவிடக்கூடாதல்லவா. அதை வைத்துத்தான் என்னைக் கண்டுபிடித்தீர்கள் என்று உங்கள் உதவியாளர் சிரித்துக்கொண்டே சொன்னார். கையெழுத்தில்லாமல் அட்டை தொங்கவிடுவது எங்கள் துறையில் குற்றம், ஐயா.

மாடி அக்காவைக் கொன்றது நான்தான். எந்த இடத்தில் சொல்கிறீர்களோ அந்த இடத்தில் ஒப்பமிடுகிறேன். எனக்கு வருத்தமில்லை, என் மகளை ஆபத்திலிருந்து நீக்கினேன். இன்று காலை அவள் பால் குடித்தாள், கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள் என்று அறிந்தேன். வியாழனுக்குப் பிறகு அந்த மாடிக்குப் போகவில்லை. உடம்பு தானாகத் தேறுகிறது. நான் சொன்னது சரிதானே?

ஒரு சிறிய உதவி மட்டும் வேண்டும். மனைவி வேலையை விடமுடியாது. புதிதாக யாரையாவது அமர்த்துவாள். இனி காலையில் ஒப்படைப்பதும் அவள் பொறுப்பு. வாசலில் சிட்டு அழுவாள், அவளுக்கு அது பழக்கமில்லை. குளியலறை அலமாரியின் மேல்தட்டில், சவரச் சோப்புக்குப் பின்னால் சிவப்புப் புட்டி இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். இப்போதைக்கு அரைக்கரண்டி போதும். வாயை இறுக மூடிக்கொள்வாள், அதற்காக விட்டுவிடக்கூடாது. இடக்கையால் முகத்தைப் பிடித்து, பெருவிரல் அவளது இடக்கன்னத்தில், அடுத்த இரண்டு விரல்கள் வலக்கன்னத்தில், பல்வரிசை தட்டுப்படும்வரை அழுத்தினால் வாய் தானே திறக்கும். கொஞ்சம் துடிப்பாள். பாடிக்கொண்டே கொடுக்கச் சொல்லுங்கள். மூன்றாம் அடி வருவதற்குள் அடங்கிவிடுவாள்.