இன்பராஜ் அளக்க வந்த தரை

உங்கள் ஸ்டேஷனில் போட்டிருக்கும் டைல்ஸைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன், ஐயா. அரசாங்கக் கட்டடத்துக்கு அது போதும். வீட்டுக்கும் அதையே போடுகிறவர்களைத்தான் எனக்குப் புரிவதில்லை.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் டிசைன் பிரிவில் இருக்கிறேன். ரெக்சினைக் காட்டித் தோல் என்று சொல்பவனை எங்கள் ஊர் டீக்கடையில்கூட மதிக்க மாட்டார்கள். அதே ஆட்கள்தான் மார்பிள் படம் அச்சடித்த டைல்ஸை வீடு முழுக்க ஒட்டிவிட்டு, அதன்மேல் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். என் வீட்டில் பாலிஷ் கான்கிரீட். கொட்டி, இறுகவிட்டு, உள்ளே இருக்கும் ஜல்லி தெரியும்வரை மெஷினால் தேய்த்தெடுத்த தரை. ஹாலும் மாடிப்படியும் சாம்பல் நிறத்தில் ஏரித் தண்ணீர்போல் கிடக்கும். அதில் பொய் கிடையாது.

புதுவீட்டு ஜெபத்துக்கு வந்தவர்கள், தரை எப்போது போடப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். என் மனைவி பிரிசில்லாவின் தம்பி இன்பராஜ் டைல்ஸ் கடை வைத்திருக்கிறான். அவன் அத்தனை பேர் நடுவில் கேட்டான்.

“இன்னா மாமா, கார் ஷெட் மாதிரி வுட்டு வெச்சிருக்கீங்க? சொல்லியிருந்தா நம்ம கடையிலேர்ந்தே எறக்கியிருப்பேன்ல?”

எல்லாரும் சிரித்தார்கள். பிரிசில்லாவும் சிரித்தாள். அன்றே சாப்பிடும்போது அவன் மீன்குழம்பைச் சிந்தினான். புளி கான்கிரீட்டை அரிக்கும். “தொடைச்சா போய்டும் மாமா” என்றான். போகவில்லை.

போன வாரம் பிரிசில்லா சொன்னாள். “ஈரக்காலோட இதுல நடக்கவே பயமா இருக்குங்க. மேலயே டைல்ஸ் ஒட்டித் தர்றேன்னு தம்பி சொல்றான். ஞாயித்துக்கெழம அளக்க வர்றான். நீங்க எதுவும் பேச வேணாம்.”



அவள் சர்ச்சுக்குப் போன பிறகு அவன் வந்தான். டேப்பை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனான். அவன் அளந்துகொண்டிருந்தபோது நான் படிகளைச் சுத்தம் செய்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அது என் வேலைதான். இறங்கும்போது அவன் போனைப் பார்த்துக்கொண்டே வந்தான். காலடியைப் பார்க்கும் பழக்கம் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் இல்லை. வழுக்கி விழுந்ததில் கடைசிப் படியில் பின்மண்டை மோதியது.

“ஆம்புலன்ஸ் கூப்டுங்க மாமா” என்றான்.

“இரு, துணி எடுத்துட்டு வர்றேன்.”

தலையில் கட்டத்தான் என்று நினைத்திருப்பான். ரத்தமும் கான்கிரீட்டில் இறங்கிவிடும், ஐயா. உடனே துடைக்காவிட்டால் ஆயுசுக்கும் போகாது. அவன் தலையைத் தூக்கி, கீழே நியூஸ் பேப்பரை மடித்து வைத்தேன். பிறகு துடைத்தேன். துணியை அலசிக்கொண்டு வந்து திரும்பத் துடைத்தேன். “மாமா, மாமா” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். தரை சுத்தமானபோது கூப்பிடுவதை நிறுத்தியிருந்தான். அதன்பிறகு போன் செய்தேன். வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம்.

பிரிசில்லாவுக்குச் சந்தேகம் வந்ததே தரையைப் பார்த்துத்தானாம். “என் தம்பி செத்த எடத்துல ஒரு சொட்டு ரத்தம்கூட இல்லியே” என்று உங்களிடம் அழுதிருக்கிறாள். புதுவீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்தத் தரையை அவள் ஒழுங்காகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

படியில் என்ன ஊற்றினேன் என்று கேட்டீர்கள். சோப்புத் தண்ணீர். எண்ணெயாக இருந்தால் இன்னும் நன்றாக வழுக்கியிருக்கும், அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் எண்ணெய் தரையைக் கெடுத்துவிடும், ஐயா.