வித்த மனையெல்லாம் எங்க போச்சு

இல்லக்கா, நீங்களே சொல்லுங்க, இது நியாயமா? எங்க ஆபீஸ் சாரு செய்ற வேலை அவருக்கு, நான் செய்ற வேலை எனக்கு. இப்ப ரெண்டும் என் தலைல. இன்னிலேர்ந்து பத்திரம் தேடுறதும் நானு, போன் எடுக்குறதும் நானு. சம்பளம் மட்டும் அதே சம்பளம்...

தள்ளி உக்காரட்டுமா? இந்த ட்ரெயின் இப்பிடித்தான், பெருங்களத்தூர் வந்தா படுத்துக்கும். தாம்பரத்துல பிளாட்பாரம் காலி இல்லயாம். தெனமும் இதே கதை. கழுத்துல டேக் போட்டிருக்கீங்களே, கம்ப்யூட்டர் கம்பெனிதானே? அப்ப நான் சொல்றது உங்களுக்குப் புரியும். எங்க அம்மாகிட்ட சொன்னா "காலேஜ்ல சேந்திருந்தா இந்தத் தொல்லை உண்டா"ன்னு ஆரம்பிச்சிடுவாங்க. ப்ளஸ் டூ முடிச்சேன், அதுக்கு மேல உக்காந்து படிக்க எனக்குப் பொறுமை இல்ல. அவ்ளோதான். இல்லாதத இருக்குன்னு சொல்ல முடியுமா?

எங்க ஆபீஸ் மேற்கு தாம்பரம். பாட்சா பாய்னு, மனை விக்கிறவரு. கூடுவாஞ்சேரி பக்கம் காலி எடம் பூரா கல்லு நட்டு, கொடி கட்டி, பேரு வெச்சு... எங்க வீட்டுக்குப் பின்னாடியே ஒண்ணு இருக்கு. "கிரீன் பேலஸ்"னு பேரு. ஒரு செடி கிடையாது. இத நான் பாய்கிட்டயே சொல்லிட்டேன். சிரிச்சாரு.

போன மழைல ஆபீஸ் கம்ப்யூட்டர்ல தண்ணி பூந்து எல்லாம் போச்சு. அதுக்கப்புறம் எல்லா பத்திரத்தையும் ஸ்கேன் பண்ணி, மாசா மாசம் காசு கட்டி, நெட்டுல ஒரு எடத்துல வெச்சிருக்காங்க. மூணு சிஸ்டம் இருக்கு, எதுலேர்ந்து வேணா தொறக்கலாம். பேரு ஒரு கட்டம், மனை நம்பர் ஒரு கட்டம், தேதி ஒரு கட்டம், வித்தாச்சா இல்லயான்னு ஒரு கட்டம். எந்தக் கட்டம் முன்னாடி நிக்கணும், எது தெரியணும், எது தெரிய வேணாம், எல்லாம் நம்ம இஷ்டம். நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆளுக்கொரு இஷ்டம் இருக்குதே...

பாய்க்கு மனை வாங்குனவங்க பேரு ஏ பி சி டி வரிசைல வேணுமாம். சரின்னு வெச்சேன். "ரத்தினத்த ஆர்ல தேடுறேன், காணோமே"ன்றாரு. எப்பிடி இருக்கும்? நாமதான் இனிஷியல முன்னாடி போடுறோமே. கே. ரத்தினம், கேல நிக்கிறாரு. மொத்த லேஅவுட்டும் அவங்கவங்க அப்பா பேருலதான் வரிசையா நிக்குது. அப்புறம் நான்தான் இனிஷியலுக்குத் தனியா ஒரு கட்டம் போட்டு, கடைசில தள்ளி வெச்சேன். அன்னிக்கு பாய் பப்ஸ் வாங்கிக் குடுத்தாரு. முட்ட பப்ஸ். சரி, அத விடுங்க.

பிரச்சினை அசரியா சாரு. பத்திர வேலையெல்லாம் அவருதான். மனை வித்து முடிச்சதும் ரெஜிஸ்டர் ஆபீஸு, பேங்க் லோனு, எல்லாத்துக்கும் அவரு எடுத்துக் குடுக்குற காப்பிதான். ரொம்ப வருஷமா பாய்கூட இருக்காரு, கையெழுத்து முத்து முத்தா இருக்கும். ஆனா மவுஸ தொட்டா போதும், ஃபைல் காணாமப் போயிடும். தெனம் "பாப்பா, காணோம்"ன்னு கூப்புடுவாரு. நான் போய் பேர அடிச்சுத் தேடுனா வந்துடும். எங்கயாவது இழுத்துப் போட்டுட்டாரான்னு பாத்தா அதுவும் இல்ல, இருந்த ஃபோல்டர்லயேதான் இருக்கும். இது இன்னா மாயம்னு எனக்கே புரியல. நான் வேலைக்குச் சேந்த அப்புறம்தான் இந்தக் கூத்தே ஆரம்பிச்சுதாம். நல்ல வேள, நான் இருந்தேன்.

எபி அண்ணன் இருக்காரே, ஆளுங்கள வேன்ல கூட்டிட்டுப் போய் மனை காட்டுறவரு, அவரும் அதே ஃபோல்டரத்தான் பாக்குறாரு. ஒரு நாளும் எதுவும் காணோம்னு சொன்னதில்ல. "ஃபாயிசா, நீ வந்ததுலேர்ந்து எனக்கு வேண்டியது மட்டும் கண்ணு முன்னாடி நிக்குது"ன்னு பாராட்டுறாரு.

நேத்து அந்த ரத்தினம் பொண்டாட்டியோட வந்தாரு, லோனுக்கு பத்திரக் காப்பி வேணும்னு. சாரு தொறந்து பாக்குறாரு, ரத்தினமே இல்ல. கண்ணாடியக் கழட்டித் தொடச்சிட்டு மறுபடி பாக்குறாரு. அந்தம்மா "எங்க மனைய வேற யாருக்காவது வித்துட்டீங்களா"ன்னு அழுற மாதிரி ஆயிட்டாங்க. நான் போய் பேர அடிச்சேன், வந்துது. வந்துதா... நான் சும்மா இருந்திருக்கலாம். "சார் கை பட்டாலே காணாமப் போயிடுது பாய்"ன்னு சொல்லிட்டேன். உள்ளத சொன்னேன். பாய் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாரு, "சார், இனிமே நீங்க கம்ப்யூட்டர தொட வேணாம். பாப்பா பாத்துக்கட்டும்."

சாரு சத்தமே போடல. "நான் ஒண்ணையும் அழிக்கல பாய்"ன்னாரு. அவ்ளோதான். டிபன் பாக்ஸ தொறக்காமலே எடுத்துட்டுக் கெளம்பிட்டாரு. இன்னிக்கு வருவாரா மாட்டாரான்னே தெரியல. வராட்டி... பரவால்லக்கா, அவரு கொஞ்சம் என் வழிக்கும் வரலாமில்ல?

நான் எவ்ளோ சுத்தமா வெச்சிருக்கேன்னு கேளுங்க. காலைல போனதும் மொத வேலை, அந்த வியூவ, அதான் தொறந்தா கண்ணுக்குத் தெரியுற லிஸ்ட, சரி பண்றதுதான். புதுசா வந்த மனையெல்லாம் ஏத்தி, வித்ததுக்கெல்லாம் ஃபில்டர் போட்டு மறைச்சிடுவேன். போன்ல கேக்குறவங்களுக்கு காலி மனைதானே வேணும், வித்தத பாத்து நான் என்ன பண்ணப் போறேன்? அப்புறம் சேவ் குடுப்பேன். எனக்கு மட்டுமா, எல்லாருக்குமான்னு கேக்கும். எல்லாருக்கும்னு அமுக்கிடுவேன். கஷ்டப்பட்டு செஞ்சது, நான் மட்டும் பாத்து என்ன ஆவப் போகுது, எல்லாரும்தான் பாக்கட்டுமே. பத்து மணிக்கு சாரு வந்து உக்காந்து, வித்த மனை பத்திரத்த...

வித்த மனை...

இருங்க. ஏங்க்கா சிரிக்கிறீங்க?

எபி அண்ணனுக்கு காலி மனைதான் வேணும். அதான் அவருக்கு ஒண்ணும் காணாமப் போகல. சாருக்கு வேண்டியது பூரா வித்ததுதான். பேர அடிச்சுத் தேடுனா மறைச்சதும் சேந்து வரும், அதான் எனக்கு மட்டும் வந்துது. தெனம் காலைல நானே மறைச்சு வெச்சிட்டு, பத்தரைக்கு நானே தேடிக் குடுத்து, பப்ஸ் வேற தின்னுருக்கேன்.

ச்சே. அந்த டிபன் பாக்ஸ்...

அக்கா, கால கொஞ்சம் எடுங்க, நான் எறங்குறேன். சாரு வூடு இங்க பெருங்களத்தூர்லதான், சர்ச்சுக்குப் பின்னாடி. தாம்பரம் போய் பாய்கிட்ட சொல்றது அப்புறம். மொதல்ல இவருகிட்ட சொல்லி, கையோட ஆபீஸுக்குக் கூட்டிட்டுப் போறேன். திட்டுவாரு. திட்டட்டும். நேத்து எல்லார் முன்னாடியும்தானே சொன்னேன், இதையும் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாப் போச்சு. ரத்தினம் பொண்டாட்டிக்கு ஒரு போன் போடணும்.

ஆமா, உங்களுக்கு எப்ப தெரிஞ்சுது? எபி அண்ணன் பேரு சொன்னப்பவேவா? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?

...அதுவும் சரிதான். நான் எங்க உங்கள பேச விட்டேன்.