விரிசல் மேல ஒட்டின கண்ணாடி

அய்யோ மேடம், இப்பவே கையெழுத்து போட்டுடாதீங்க. இல்ல இல்ல, போட வேணாம்னு சொல்லல, அதைச் சொல்ல நான் யாரு? கொஞ்சம் உக்காந்து மூச்சு விட்டுட்டுப் போடலாமேன்னுதான். எழுபத்திரண்டு படி ஏறி வந்திருக்கீங்க. எனக்கா? எனக்கு இப்படித்தான், சும்மா நின்னாலே வேர்க்கும். அதை விடுங்க.

நான்தான் இந்தக் கட்டடத்துக் கொத்தனார். பத்தொன்பது வருஷம் ஆச்சு. பேரைச் சொல்லிக் கேட்டா யாருக்கும் தெரியாது, டீத்தூள் எங்கன்னு கேளுங்க, வாட்ச்மேன்லேருந்து பெரிய ஆபீஸர் வரைக்கும் கை காட்டுவாங்க. ஏன்னா, புதுசா பூசின சுண்ணாம்பு பழைய செவுத்துல பல்லை இளிச்சுக்கிட்டு நிக்கும். டீத்தூளை நல்லா கொதிக்க வச்சு, அந்தத் தண்ணியத் துணியில தொட்டு ஒத்தி ஒத்தி எடுப்பேன். மேல கொஞ்சம் புகைக்கரி. ஆச்சு, நூறு வருஷப் பழசு. நீங்க படிச்சவங்க, இந்தச் செவுத்துல எது பழசு, எது நான் பூசினதுன்னு காட்டுங்க பாப்போம். ம்ஹூம், அது இல்ல. அதுவும் இல்ல.

தெரியும் மேடம், நேரம் எனக்கும் தெரியும். பத்து மணிக்கு சுதந்திர தின விழா, இப்பவே எட்டே கால். கீழ மைக் செட்காரர் வேற ஹலோ ஹலோன்னு உயிரை வாங்கறாரு. இந்தப் பால்கனி உறுதியா இருக்குன்னு நீங்க கையெழுத்து போட்டாத்தான் கதவைத் திறப்பாங்க. அதனாலதான் கேக்கறேன், என்ன அவசரம்?

இந்த இடம் என்ன இடம்னு உங்களுக்குச் சொல்லணுமா. சுதந்திரம் வாங்கிக் கொடுத்த அந்தப் பதினோரு தலைவருங்களும் இதே பால்கனியில நின்னுதான், இன்னையிலேருந்து நாடு நம்மளுதுன்னு வாசிச்சாங்க. நான் ரெண்டாம் கிளாஸ் படிச்ச புஸ்தகத்துலயே அந்தப் படம் இருந்துச்சு. இங்க வேலைக்குச் சேந்த அன்னைக்கு இந்தக் கைப்பிடிய ஒரு தடவை தொட்டுப் பாத்தேன், சொன்னா சிரிப்பீங்க, கண்ணுல தண்ணி வந்துடுச்சு. வேற கட்டடமா இருந்தா இடிச்சுட்டுப் புதுசா போட்டுட்டுப் போயிடலாம். இங்க ஒரு ஆணி அடிக்கவே மூணு ஆபீஸ் ஏறி இறங்கணும்.

ஆமா, அந்தக் கண்ணாடிதான். உங்களுக்கு முன்னாடி இருந்த இன்ஜினியர் ஒட்டச் சொன்னது. உங்களுக்குத் தெரியாததா? செவுரும் பால்கனியும் சேர்ற இடத்து விரிசலுக்குக் குறுக்கால விரல் நீளத்துக்குக் கண்ணாடி, ரெண்டு முனையிலயும் ஒரு உருண்டை சிமெண்ட், ஒட்டின தேதிய அதுல ஆணியால கீறியிருக்கும். செவுரும் பால்கனியும் ஒரு மயிரிழை விலகினாலும் கண்ணாடி உடைஞ்சுடும். உடையாம இருந்தா பயமில்ல. அவரு மூணு மாசத்துக்கு ஒருக்கா வருவாரு, டார்ச் அடிப்பாரு, உடையலன்னு எழுதுவாரு, போயிடுவாரு. ஃபைல்ல ரெண்டு வருஷமா அப்படித்தான் இருக்கா? இருக்கும். இருக்கும் மேடம்.

தேதியும் ரெண்டு வருஷத்துக்கு முந்தினதுதான். ஆமா, நான் கீறினதுதான் அது. அய்யோ, தொடாதீங்க! தொடாதீங்க மேடம், இன்னும் சரியா காயல...

ஒண்ணுமில்ல. ஏதோ வாய் குழறிடுச்சு.

இருங்க, போகாதீங்க. தண்ணி குடிக்கறேன். சொல்றேன். நேத்து ராத்திரி ஒரு பொட்டுத் தூக்கமில்ல. என் சம்சாரம், ஏன்யா பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கேன்னு கேட்டா. விஷயத்தைச் சொன்னேன். வாயை மூடிக்கிட்டு இருய்யா, வேலை போயிடும், இந்தக் குவார்ட்டர்ஸ் போயிடும், ஜெயில்லயே தூக்கிப் போட்டாலும் போடுவாங்கன்னா. அவ சொல்றதுலயும் தப்பில்ல. கொஞ்ச நேரம் கழிச்சு அவளே கேட்டா, நாளைக்கு மேல எத்தனை புள்ளைங்க நிக்குதுன்னு. முப்பதுன்னேன்.

வருஷா வருஷம் நாலு பேருதான் மேடம் நிப்பாங்க. அந்தக் காகிதத்தை வாசிப்பாங்க, கை ஆட்டுவாங்க, ரெண்டு நிமிஷத்துல உள்ள வந்துடுவாங்க. இந்த வருஷம்தான் எந்தப் புண்ணியவானுக்குத் தோணுச்சோ, பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களை நிக்க வச்சுப் பாட வைக்கணும்னு. நேத்து சாயங்காலம் ஒத்திகை. அதுக்கு யாரு கையெழுத்தெல்லாம் கேக்கறாங்க, சாவியக் கொடுத்துத் திறன்னாங்க, திறந்தேன். முப்பதும் நண்டும் சிண்டுமா வந்துச்சுங்க. முன்வரிசையில ஒரு குட்டி, பல்லு விழுந்தது, கைப்பிடி எட்டாம எட்டி எட்டிக் குதிச்சுப் பாக்குது. குதிக்காதம்மான்னு நான் கத்தினேன். டீச்சரம்மா என்னை ஒரு முறை முறைச்சாங்க.

அதுங்க இறங்கிப் போனதும் பாத்தேன். கண்ணாடி ரெண்டு துண்டு.

நீங்க இப்ப பாக்கறீங்களே, இது நேத்து சாயங்காலம் நான் ஒட்டினது. பழைய தேதியவே போட்டேன். டீத்தண்ணியும் கரியும் தடவினேன். என்னை அறியாம கை தானா செஞ்சுடுச்சு, சத்தியமா. செஞ்சு முடிச்சுட்டு நிமிந்து பாத்தப்பதான் ஐயோ என்ன காரியம் பண்ணிட்டோம்னு உறைச்சுது.

கத்தாதீங்க மேடம், கீழ கேக்கும். கத்துங்க, பரவால்ல. நான் கத்தக் கூடாதுன்னு சொல்ல முடியுமா.

கை எப்படித் தானா செய்யும்னா, பழகின கை மேடம். முதல்ல ஒட்டி ஒரு மாசம்கூட ஆகல. வெள்ளையடிக்க ஏணியத் தூக்கிட்டு வந்தேன், முனை பட்டு டக்குன்னு போச்சு. அது நான்தான், என் தப்புதான். அப்பத்தான் ஒரு பெயிண்டரை, பழைய ஜன்னல் கண்ணாடிய உடைச்சுட்டாருன்னு வீட்டுக்கு அனுப்பியிருந்தாங்க. எனக்கும் அதே கதிதான்னு நினைச்சேன். கண்ணாடிக் கடையில ஒரு துண்டு வாங்கியாந்து, அதே தேதி போட்டு ஒட்டிட்டேன். ஏணி பட்டு உடைஞ்சதுக்கும் செவுத்துக்கும் என்ன சம்பந்தம், ஒரு பொய்தானே, யாருக்கு என்ன கெட்டுப் போச்சுன்னு நினைச்சேன். அன்னைக்கே உண்மையச் சொல்லியிருந்தா ஒரு திட்டோட முடிஞ்சிருக்கும்.

இல்ல மேடம். அப்புறம் நேரா நேத்துதான்னு சொல்ல மாட்டேன். நடுவுலயும் உடைஞ்சுது. பெருக்கற அம்மா துடைப்பம் பட்டிருக்கும்னு நினைச்சேன். பாவம், அவங்க வேலைக்கு வேட்டு வைக்கணுமான்னு மாத்திட்டேன். அடுத்து புறாவா இருக்கும்னு நினைச்சேன். அடுத்து காத்து. எனக்கு வேண்டியதை நானே நினைச்சுக்கிட்டேன், போதுமா? முதல்ல அஞ்சாறு மாசம் தாங்குச்சு. அப்புறம் ரெண்டு மாசம். போன தடவை ஒட்டினது பதினோரு நாள்தான்.

எழுதிக்கங்க மேடம், நான் சொன்னதா என் பேரைப் போட்டே எழுதிக்கங்க. அந்தக் கதவை மட்டும் யாரையும் திறக்க விடாதீங்க. மொத்தமா? மொத்தம் ஏழு தடவை மாத்தியிருக்கேன். முதல் தடவை மட்டும்தான் மேடம் ஏணி.