பருத்திக் கூடை

கம்பளி உள்ளாடையை வெந்நீரில் நனைக்கக் கூடாது. குளிர்ந்த நீரில் அலசி, முறுக்கிப் பிழியாமல், உட்புறத்தை வெளியே திருப்பி நிழலில் விரிக்க வேண்டும். எங்கள் முகாமுக்கு வரும் ஆண்களிடம் இதைச் சொன்னால் பணிவாகத் தலையாட்டுவார்கள். அடுத்த வருடம் அதே சட்டை குழந்தைச் சட்டை அளவுக்குச் சுருங்கி வரும். நீங்கள் போட்டிருப்பது பருத்தி. ஹீட்டர் ஓடும் அறைக்குள் இருக்கும்வரை அதனால் ஒன்றுமில்லை.

என் பெயர் வெர்னா ட்வேட். வயோமிங்கின் இந்த மலையடியில் முப்பத்தோரு வருடங்களாக எல்க் மான் வேட்டை முகாம் நடத்துகிறேன். கணவர் போன பிறகு என் மகள் மார்னியும் மருமகன் நோலனும் என்னோடு சேர்ந்துகொண்டார்கள். நோலன் விருந்தினர்களை மலைக்கு அழைத்துப் போவான். சமையலும் உடைகளும் என் பொறுப்பு.

முகாமில் ஒரு விதி உண்டு. வந்து இறங்கியதும் ஒவ்வொருவரும் தங்கள் பையைச் சாப்பாட்டு மேசையில் கொட்ட வேண்டும். அதிலுள்ள பருத்தி எல்லாவற்றையும் எடுத்துக் கதவோரக் கூடையில் போடுவேன். ஊருக்குத் திரும்பும் நாளில்தான் அது அவர்கள் கைக்குப் போகும். டெக்சாஸ்காரர் ஒருவர் ஒரு பழைய பனியனை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"இது என் அதிர்ஷ்டச் சட்டைம்மா. இதைப் போட்டுக்கிட்டுத்தான் ஆறு மான் அடிச்சிருக்கேன்."

"அப்ப அது களைச்சுப் போயிருக்கும். கூடையில படுத்துத் தூங்கட்டும்," என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். கொடுத்துவிட்டார்.

பருத்தி வியர்வையைக் குடிக்கும். மலையேறும்போது உடம்பு நனையும். பிறகு மானுக்காக இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டும். அப்போது அந்த ஈரம் உடம்பிலிருந்து சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கம்பளி அப்படியில்லை, நனைந்தாலும் காப்பாற்றும். மேலே எவ்வளவு விலைக்குக் கோட்டு வாங்கினாலும், ஆளை உயிரோடு வைப்பது தோலை ஒட்டி இருக்கும் அந்த ஒரு துணிதான்.

மார்னி போன நவம்பரில் இறந்தாள். விருந்தினர் ஒருவர் காயப்படுத்திய ஆண் மானைத் தேடி அவளும் நோலனும் போனார்கள். நண்பகலுக்குப் பிறகு பனிப்புயல் பிடித்துக்கொண்டது. அவளால் நடக்க முடியவில்லை. அவளை மரங்களுக்குக் கீழே உட்கார வைத்துவிட்டு நோலன் ஆறு மணி நேரம் நடந்து வந்து ஆட்களைக் கூட்டிப் போனான். அவர்கள் போனபோது கோட்டும், வேட்டையில் அடையாளத்துக்குப் போடும் ஆரஞ்சு மேலுடுப்பும் பத்தடி தள்ளிக் கிடந்தன. குளிரில் சாகிறவர்களுக்குக் கடைசியில் உடம்பு எரிவதுபோல் இருக்கும், தாங்களே உடையைக் கழற்றி எறிவார்கள். இங்கே இது எல்லாருக்கும் தெரியும். மார்னியின் உடம்பில் மிச்சமிருந்தது ஒரு சாம்பல் நிறப் பருத்திச் சட்டை. பலகைபோல் விறைத்திருந்தது.

நோலனுக்குக் குளிரில் கருகி மூன்று கால்விரல்கள் போயின. மற்றபடி முழுசாக வந்தான். அவன் தோலை ஒட்டி இருந்தது கம்பளி. நான் எடுத்துக் கொடுத்தது.

கட்டிய மனைவி உள்ளே என்ன உடுத்தியிருக்கிறாள் என்று பார்க்காத ஒருவனைப் பற்றி ஒரு வருடம் முழுக்க யோசித்தேன். ரொட்டி மாவு பிசையும்போது யோசித்தேன். குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டும்போது யோசித்தேன். அவன் அவளிடம், ஒரு நாள்தானே, சமாளித்துக்கொள் என்று சொல்லியிருப்பான். அந்தக் குரல்கூட எனக்குக் கேட்டது. கோபத்தில் எதையும் செய்யவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இந்த வருடம் வேட்டைக் காலத்தின் கடைசி வாரத்தில் அவன் சமையலறைக்கு வந்து நின்றான்.

"வெர்னா, நான் மறுபடி மலைக்குப் போகலாம்னு இருக்கேன். துணி மட்டும் நீங்களே எடுத்து வச்சிடுங்க. அந்த அலமாரியில அவ துணியும் இருக்கு. என்னால தொறக்க முடியல."

எடுத்து வைத்தேன். மெல்லிய கம்பளி உள்ளாடை, அதன்மேல் கனத்த கம்பளிச் சட்டை, கம்பளிக் கால்சட்டை, காற்றுப் புகாத மேலாடை, உட்காரும்போது போட இறகு ஜாக்கெட். விரல் இல்லாத இடத்தில் பூட்ஸ் உரசாமல் இருக்க ஆட்டு ரோமம் திணித்தேன். ஒவ்வொரு தையலையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அவனை மிக நன்றாக உடுத்தி அனுப்பினேன். அதை எழுதிக்கொள்ளுங்கள்.

நானும் வருகிறேன் என்றேன்.

"நீங்களா? உங்களப் பாத்தா மான் சிரிச்சே செத்துப்போயிடும்."

"நல்லதுதான், தோட்டா மிச்சம்."

வெகு நாளைக்குப் பிறகு சிரித்தான். என் பையில் அந்தச் சாம்பல் சட்டை இருந்தது. மருத்துவமனையில் காகிதப் பையில் போட்டு என்னிடம் கொடுத்திருந்தார்கள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மலைமேல் ஒரு பெண் மானைச் சுட்டான். நல்ல குறி, இரண்டே அடியில் விழுந்தது. குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்து மூன்று. வயிற்றைக் கிழித்துக் குடலை எடுப்பதற்காகக் கோட்டைக் கழற்றினான், சட்டைக் கைகளை முழங்கைக்கு மேலே ஏற்றிவிட்டான். வேட்டைக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். துப்பாக்கியை என் பக்கத்து மரத்தில் சாய்த்து வைத்திருந்தான். வேலை முடியும்வரை காத்திருந்து அதை எடுத்துக்கொண்டேன். கத்தியைத் தூரப் போடு, மிச்சத் துணிகளையும் கழற்று என்றேன்.

"என்ன வெர்னா, இங்கயும் கூடைச் சோதனையா?"

அவன் பூட்ஸுக்குப் பக்கத்தில் பனியில் ஒரு முறை சுட்டேன். வேட்டைக் காலத்தில் துப்பாக்கிச் சத்தத்தை யாரும் கவனிப்பதில்லை. அதற்குப் பிறகு அவன் சிரிக்கவில்லை. ஒவ்வொன்றாகக் கழற்றினான். இடுப்பில் இருந்த கடைசித் துணியை அப்படியே விட்டுவிடச் சொன்னேன். என் மருமகன் அல்லவா.

சாம்பல் சட்டையை அருகிலிருந்த ஓடையில், பனிக்கட்டிக்கு அடியில் ஓடும் நீரில் முக்கி அவனிடம் வீசினேன். கையில் வாங்கியதுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"இது மார்னியோடது."

"போட்டுக்கோ."

போட்டுக்கொண்டான். உடனே என் மேல் பாய்ந்தான். துப்பாக்கியின் அடிக்கட்டையால் அவன் முழங்காலில் ஓங்கி அடித்தேன். காய்ந்த கிளையை ஒடிக்கும் சத்தம் கேட்டது. இன்னொரு காலிலும் அடித்தேன். அதற்கு அவ்வளவு பலம் தேவைப்படவில்லை.

பிறகு என் இறகு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு விழுந்து கிடந்த மரத்தில் உட்கார்ந்தேன். பிளாஸ்கில் காபி இருந்தது. குளிரில் இருப்பவர்கள் அவசர முடிவுகள் எடுப்பார்கள். நான் கதகதப்பாக இருந்தேன், அதனால் எல்லாவற்றையும் நிதானமாகப் பார்க்க முடிந்தது.

அவன் மானை நோக்கி ஊர்ந்தான். கிழித்த வயிற்றிலிருந்து இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது. இரண்டு கைகளையும் முழங்கை வரை அதற்குள் விட்டு முகத்தை அதன் விலாவில் புதைத்துக்கொண்டான். கணுக்காலைப் பிடித்து வெளியே இழுத்தேன். இறைச்சி கெட்டுப்போகும் என்றேன். மறுபடியும் ஊர்ந்தான், மறுபடியும் இழுத்தேன். மூன்றாவது முறை அவன் மணிக்கட்டின் மேல் பூட்ஸை வைத்து, எலும்பு நொறுங்கும்வரை அழுத்திக்கொண்டு நின்றேன்.

இத்தனை வருடமும் என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான். அன்று அம்மா என்று கூப்பிட்டான்.

"அம்மா, என் கோட்டை அவளுக்குத்தான் குடுத்தேன். உள்ள இந்தச் சட்டை இருக்குன்னு மத்தியானம்தான் தெரிஞ்சுது. இது ஏதுடின்னு கேட்டேன். சொன்னா. ஒரு வருஷமா யார்கிட்டயும் நான் சொல்லல."

"ஏன் சொல்லல?"

"நீங்க தாங்கமாட்டீங்கன்னுதான்."

பேசாதே, பேசினால் உடம்புச் சூடு வீணாகும் என்றேன். அது உண்மைதான். விருந்தினர்களுக்கும் அதைத்தான் சொல்வேன்.

பதினொரு மணிக்கு நடுக்கம் நின்றது. நடுக்கம் நிற்பது நல்ல அறிகுறி என்று புதியவர்கள் நினைப்பார்கள். பன்னிரண்டரைக்கு எரிகிறது என்று முனகி அந்தச் சட்டையைக் கழற்றப் பார்த்தான். விரல்கள் மடங்கவில்லை. நான் உதவினேன். ஒரு மணிக்கு முன்பே முடிந்துவிட்டது.

அவன் துணிகளைத் தாறுமாறாக வீச வேண்டும், பனி தடங்களை மூடிவிடும், குளிரில் செத்தவன் கழற்றி எறிந்தது என்று நீங்கள் எழுதிக்கொள்வீர்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். உடைந்த முழங்கால்களுக்கு, பக்கத்துப் பாறைச் சரிவில் விழுந்தான் என்று காரணம் சொல்லலாம். ஆனால் அவன் சாகும்வரை என் கை சும்மா இருக்கவில்லை. கம்பளியை உட்புறம் வெளியே திருப்பி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, பெரியதை அடியிலும் சிறியதை மேலேயும் வைத்து, எல்லாவற்றுக்கும் மேலே ஆரஞ்சு உடுப்பை வைத்து மடித்திருக்கிறேன். முப்பத்தோரு வருடப் பழக்கம். மலையிறங்கும்போதுகூட எனக்கு அது உறைக்கவில்லை. நீங்கள் புகைப்படத்தை மேசையில் வைத்து, "சாகப்போறவன் துணி மடிக்கமாட்டான் வெர்னா," என்று சொன்னபோதுதான் பார்த்தேன். அழகாகத்தான் மடித்திருந்தேன்.

அந்தச் சாம்பல் சட்டை மார்னிக்கு எப்படி வந்தது என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். வழக்குக்கு அது தேவையா என்று எனக்குத் தெரியவில்லை. சரி, சொல்கிறேன்.

மார்னி மலைக்குப் போன அன்று காலை ஹூஸ்டனிலிருந்து வந்த ஒரு பெண்மணிக்கு உள்ளாடை போதவில்லை. அவளிடம் இருந்தது முழுக்கப் பருத்தி, எல்லாவற்றையும் நானே கூடையில் போட்டிருந்தேன். உதடு நீலமாகி நின்றாள். முகாமுக்கு நல்ல பெயர் வேண்டும். மார்னிக்காக மடித்து வைத்திருந்த கம்பளியை எடுத்து அவளுக்குக் கொடுத்துவிட்டேன். மார்னியின் இன்னொன்று கொடியில் ஈரமாக இருந்தது. நோலன் வெளியே குதிரைகளுக்குச் சேணம் பூட்டிக்கொண்டிருந்தான். மார்னி கதவருகே தோள்களைக் கட்டிக்கொண்டு, "அம்மா, அப்ப எனக்கு?" என்றாள். கூடையில் மேலாகக் கிடந்ததை எடுத்து நீட்டினேன். அவள் துணியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். இந்த வீட்டில் வளர்ந்தவள், அவளுக்குத் தெரியாதா.

"ஒரு நாள்தானேடி, சமாளிச்சுக்கோ," என்றேன்.

நோலன் ஒரு நிமிடம் உள்ளே வந்து பார்த்திருந்தால் போதும். பார்க்க வேண்டியவன் அவன்தான்.