மொட்டைத் தலைக்கு வந்த முடி ரிப்போர்ட்

ஆழ்வார்பேட்டையில் பஸ் ஏறிய இருவர் என் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். ஒருவர் கம்பெனி டிரைவர். மொட்டைத் தலையில் இப்போதுதான் கறுப்பு தெரிந்தது. மற்றவர் அவருடைய நண்பர்.

"என் முடில கஞ்சா கீதுன்னு ரிப்போர்ட் குட்த்துட்டான் மச்சி," என்றார் டிரைவர்.

நான் பேப்பரை மடித்துவிட்டேன்.

"இந்தத் தலைலயா?"

"இதே தலைதான். கம்பெனில டிரைவருங்க எல்லாருக்கும் முடி டெஸ்ட்டு. லேப் ஆளு வந்த அன்னிக்குத்தான் நான் திருப்பதில மொட்ட போட்டுக்கினு வேலைக்கு வந்தேன். எங்கிட்ட கையெழுத்து மட்டும் வாங்கிக்கினு போய்ட்டான். நேத்து மேனேஜர் பேஜர்ல அவரு ரூமுக்கு கூப்ட்டு, வேலைய வுட்டு நின்னுக்கோன்றாரு."

"நீ இன்னா சொன்ன?"

"சொல்றது இன்னா, தொப்பிய கழட்டினேன். ரிப்போர்ட்ல 'தலைமுடி ரெண்டு இன்ச்'னு போட்டுகீது. பேப்பர பாக்கறாரு, என் தலைய பாக்கறாரு. மூஞ்சி சுண்டிப்போச்சு."

"அப்புறம்?"

"இன்னிக்கு வேற லேபு பாக்க என்னையும் இட்டுக்கினு தி.நகர் முழுக்க சுத்தினாரு. ரெண்டு எடத்துல, 'கையெழுத்து போட்டுட்டுப் போங்க, ரிப்போர்ட் வந்துரும்'னான். மூணாவது லேபுல ஒரு அம்மா, 'முடியே இல்ல, எத்த டெஸ்ட் பண்றது? மூணு மாசம் கழிச்சு வாங்க'ன்னு தொரத்திட்டாங்க."

"அடப்பாவமே."

"இன்னா பாவம்? இனிமே கம்பெனிக்கு அந்த லேபுதான்னு மேனேஜர் அங்கியே சொல்ட்டாரு!"

பஸ் நின்றது. டிரைவர் தலையைத் தடவிக்கொண்டே எழுந்தார்.

"மூணு மாசம் எண்ண வச்சி வளக்கறேன் பாரு. அந்தம்மாகிட்ட போற மொத முடி என்னுதுதான்!"