மூன்றாம் மணி

தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டுகிற ஈயத்தாளில் கிரீடம் செய்வது ஒன்றும் பெரிய வேலையில்லை, முதலியார் ஐயா. நகத்தால் கீறினாலே பூ விழும். விரலால் அழுத்தினால் வளையும். கோணிப்போனால் தட்டி நிமிர்த்திக்கொள்ளலாம். நான் மூன்று செய்தேன். எனக்கு, தங்கராஜாவுக்கு, வளையல் கடை அலவி நானாவுக்கு. உங்கள் மேசைமேல் இருப்பது என்னுடையது. நசுங்கித்தான் இருக்கிறது. கையில் கொடுத்தால் இப்போதே சரி செய்து தருவேன்.

நான் தமிழில் சொல்வதை நீங்கள் கோர்ட்டுத் துரைக்கு இங்கிலீஷில் மாற்றிச் சொல்லப் போகிறீர்கள். நேற்று தங்கராஜா சொன்னதையும் மாற்றிச் சொன்னீர்களாம். ‘சோலைமலை அண்ணன் கம்பித் தட்டைத் தப்பாக் கேட்டுட்டாரு, வேணும்னு செய்யல’ என்று அவன் அழுதானாம். நல்ல பையன். எனக்காகக் கண்ணீர் விட ஓர் ஆள் இருப்பது நல்லதுதான். ஆனால் அவன் சொன்னது சரியில்லை. அதைத் திருத்தத்தான் நானாகவே வந்திருக்கிறேன்.

என் வேலையைச் சொன்னால்தான் விஷயம் விளங்கும். எங்கள் தோட்டம் நமுனுகுலச் சரிவில் இருக்கிறது. மேல்மலையில் பறிக்கிற கொழுந்தைத் தலைச்சுமையாக இறக்கினால் தேயிலை அரைக்கிற ஸ்டோருக்கு வருவதற்குள் வதங்கிவிடும் என்று, மலை உச்சியிலிருந்து ஸ்டோர் வாசல் வரை தோட்டத் துரை ஒரு கம்பி இழுத்திருக்கிறார். கொழுந்து மூட்டையைக் கொக்கியில் மாட்டி, முளையைப் பிடுங்கினால் மூட்டை தானே வழுக்கிக்கொண்டு போய்விடும். மேல்முனையில் நான், கீழ்முனையில் தங்கராஜா. எங்களுக்குள் பேச்செல்லாம் கம்பியில்தான். நான் ஒரு தட்டு தட்டினால் மூட்டை தயார் என்று அர்த்தம். அவன் ஒரு தட்டு திருப்பித் தட்டினால் அனுப்பலாம். மூன்று தட்டினால் அனுப்பக்கூடாது, கீழே இன்னும் ஒழுங்காகவில்லை. மூன்று தட்டை ஒரு தட்டாகக் கேட்பதற்கு நான் நேற்று வேலைக்கு வந்தவன் இல்லை.

இனி நாடகம். மதுரைக் கம்பெனிக்காரர்கள் பண்டாரவளை வரை ரயிலில் வந்து, அங்கிருந்து மாட்டு வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு பதுளைக்கு வருவார்கள். ‘நட்சத்திரபுரி விமானம்’ என்பது அவர்களுடைய பெரிய நாடகம். விசித்திரசேன ராஜா பாதரசத்தால் ஓடும் விமானம் ஒன்றைக் கட்டி நட்சத்திரத்தில் இருக்கும் ஊருக்குப் போகிறார். அந்த ஊரில் காய்ச்சல் இல்லை, கிழடு தட்டுவதில்லை. எங்களுக்காக, ‘அங்கே பெரட்டும் இல்லை’ என்று பபூன் ஒரு வரி சேர்ப்பான். விடியுமுன் எழுந்து பெரட்டுக்களத்தில் பேர் கொடுக்க நிற்கிற ஜனம் அதைக் கேட்டால் எப்படிச் சிரிக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. கடைசியில் ராஜா விமானத்தில் ஏறி, கொட்டகையைப் பார்த்துக் கையை நீட்டுவார். ‘எம்மோடு வருவோர் யார்?’

காய்ச்சல் வருஷத்துக்கு முந்தின வருஷம் என் சம்சாரம் அங்கம்மாவோடு அதைப் பார்க்கப் போனேன். பெண்கள் பக்கம் தனி, ஆண்கள் பக்கம் தனி. ராஜா அப்படிக் கேட்டதும் பெண்கள் பக்கத்தில் ஒருத்தி எழுந்தாள். ‘நான் வாறேன் சாமி.’ பார்த்தால் அங்கம்மா. கங்காணியிடம் வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிறவள், ஐயா. ராஜா அவளைப் பார்த்து, ‘அடுத்த முறை விமானம் வரும்போது உனக்கோர் ஆசனம் உண்டு, பெண்ணே’ என்றார். கொட்டகையே எழுந்து நின்றது. எனக்கு உடம்பு சிலிர்த்துப் போயிற்று.

மறுநாள் காலையில் கடைவீதி திறந்ததும் அலவி நானாவின் கடைக்குப் போய்ச் சிவப்புக் கண்ணாடி வளையல் வாங்கிக்கொண்டாள். நான் எதிரே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். என்னிடம் காசு ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலே வாங்கிக்கொண்டது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அலவி நானாவும் இரவு கொட்டகையில் இருந்தவர். அவளை அடையாளம் கண்டு, வளையல் ஏற்றும்போதே ராஜா பாட்டைப் பாடினார். அவர் குரலைப் பற்றிச் சொல்லாமல் விடுவது நல்லது. அன்றிலிருந்து எங்களுக்குள் சிநேகம்.

அடுத்த வருஷம் காய்ச்சல் வந்தது. நாங்கள் குடியிருக்கிற லயத்தில் வீட்டுக்கு ஒரு பாடை. அங்கம்மா கண்ணை மூடிக்கொண்டே, ‘கம்பெனி வந்துட்டாங்களா?’ என்று கேட்டாள். ‘இன்னும் வரல, வந்தா சொல்றேன்’ என்றேன். வளையலோடுதான் புதைத்தோம். அதற்குப் பிறகு எனக்கு விடிவதும் இருட்டுவதும் ஒன்றாகிவிட்டது. மூட்டை போகும், கொக்கி வரும். அவ்வளவுதான் வாழ்க்கை.

எனக்கு மிச்சம் இருந்தது அந்த நாடகம் ஒன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கராஜாவும் நானும் பதுளைக்கு இறங்கிப் போவோம். அலவி நானாவின் கடைப் பின்கட்டில் உட்கார்ந்து முதல் காட்சியிலிருந்து கடைசி வரை மூன்று பேரும் நடிப்போம். பாதரசம் சூடானால் விமானம் ஏறுமா, குளிர்ந்தால் ஏறுமா என்று நானாவும் தங்கராஜாவும் ஒரு மழைக்காலம் முழுக்கச் சண்டை போட்டார்கள். உள்ளேயிருந்து நானாவின் மனைவி ஹம்ஸியா, ‘ரெண்டு பேரும் ஏறிப் போங்க, எங்களுக்கு நிம்மதி’ என்பார்.

இந்த வருஷம் கம்பெனி திரும்பி வந்தது. சனிக்கிழமை பகலில் ரசிகர்கள் நடிகர்களை வந்து பார்க்கலாம் என்று தமுக்கு அடித்துச் சொன்னார்கள். கிரீடம் செய்ததெல்லாம் அதற்குத்தான். வேஷம் கட்டிக்கொண்டு கடைவீதி வழியாக நடந்தோம். ‘எந்த ராச்சியம், மகாராசா?’ என்று கேலி செய்தார்கள். தங்கராஜா அரக்கர் சேனாதிபதி, ஆகையால் அவன் யாருக்கும் பதில் சொல்லவில்லை.

கம்பெனி தங்கியிருந்த வீட்டில் கூட்டம் நெரிந்தது. ராணி வேஷக்காரர் முகத்தில் இரண்டு நாள் தாடியோடு பித்தான் தைத்துக்கொண்டிருந்தார். ராஜபார்ட் குழந்தைவேலு ஜலதோஷம் பிடித்து, வெந்நீர்ச் சட்டியில் காலை வைத்து உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து, ‘வாங்க மகாராசா’ என்று என் கிரீடத்தைத் தொட்டுப் பார்த்தார். தங்கராஜா அவர் காலில் விழுந்தான், வெந்நீர் அவன்மேல் தெறித்தது. நல்ல மனிதர், ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் அங்கம்மாவைப் பற்றிக் கேட்டேன். போன முறை ஆசனம் தருவதாகச் சொன்னீர்களே, நினைவிருக்கிறதா என்று.

அவர் சிரித்தார். ‘ஊருக்கு ஊர் ஒரு பொம்பள எந்திரிப்பாப்பா. நம்ம பபூன்தான் முன்னாடியே போயி ஆள் பாத்து வைப்பான். கையில ஏதாச்சும் குடுத்துருவோம். ஒருத்தி எந்திரிச்சாத்தான கொட்டகை எந்திரிக்கும்?’

‘எங்க வீட்டுக்காரி அப்படி இல்லைங்க. அவளாத்தான் எந்திரிச்சா.’

‘இருக்கும்பா, இருக்கும். நான் சொன்னது மத்த ஊரு’ என்று என் தோளைத் தட்டினார். அலவி நானா கீழே குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் வரவில்லை. எத்தனையோ ஊர் பார்க்கிறவர், மறந்திருப்பார். அவரைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்றுதான் நினைத்தேன். ‘கொட்டகையில உங்களக் கயித்துல கொஞ்சந்தான் தூக்குறாங்க. எங்க தோட்டத்துக்கு வாங்க, மலையிலருந்தே பறந்து வரலாம்’ என்றேன். கம்பியைப் பற்றிக் கேட்கக் கேட்க ஜலதோஷத்தை மறந்து சின்னப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டார்.

வெளியே வந்ததும் நானா என் கையைப் பிடித்தார். ‘வேணாம் சோலைமலை. மனுசன் போற கம்பியா அது?’

‘தங்கராஜா ஒரு தடவை போயிருக்கானே, நானா. கவட்டை கட்டி விட்டா மெதுவாத்தான் போகும்’ என்றேன். அது உண்மைதான். கொய்யாக் கவட்டை கம்பியைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். கீழே மானாப்புல் மூட்டைகளை அடுக்கிவிட்டால் போய் மெத்தையில் விழுந்த மாதிரி இருக்கும். சனிக்கிழமையே நல்ல கவட்டையாக ஒன்று வெட்டி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத் துரை பதுளைக்குப் போயிருந்தார். லயத்து ஜனம் எல்லாம் ஸ்டோர் வாசலில் கூடியிருந்தது. மேலே நானும் ராஜபார்ட்டும் மட்டும். பட்டு உடுத்தி வந்திருந்தார். அவருடைய அட்டைக் கிரீடம் காற்றில் பறந்துவிடும் என்று என்னுடையதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். அவருக்கு அது என்னைவிடப் பொருத்தமாக இருந்தது. கொக்கியில் சாக்கைத் தொட்டில் மாதிரி கட்டி உட்கார வைத்தேன். கவட்டை என் காலடியில் கிடந்தது. அதை நான் கட்டவில்லை. கட்ட வேண்டும் என்று அவருக்குத் தெரியாது.

கம்பியில் ஒரு தட்டு தட்டினேன். கீழேயிருந்து மூன்று தட்டு வந்தது. தங்கராஜா இன்னும் புல் மூட்டை அடுக்கி முடிக்கவில்லை. தெளிவாகக் கேட்டது. அவருக்கும் கேட்டது.

நாடகத்தில் மூன்றாம் மணி அடித்தால் திரை தூக்குவார்கள், ஐயா. முதல் மணிக்கு ஆட்கள் உட்காருவார்கள், இரண்டாம் மணிக்குப் பின்பாட்டு, மூன்றாம் மணிக்கு ராஜா. வாழ்நாள் முழுக்க அந்த மணிக்கு எழுந்து நடந்தவர். முகம் மலர்ந்து, ‘மூணாவது மணியும் அடிச்சாச்சா? அப்ப கெளம்ப வேண்டியதுதான்’ என்றார்.

‘ஆமாங்க’ என்றேன். அவரிடம் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

முளையில் கை வைத்தேன். அவர் திரும்பிப் பார்த்தார். ‘சோலமல, நேத்தெல்லாம் யோசிச்சேன்பா. இப்ப ஞாபகம் வருது உன் சம்சாரத்த. ரொம்ப வெக்கப்பட்டுச்சு. பபூன்கூட சொன்னான். அந்தப் புள்ள கையில…’

முளையைப் பிடுங்கினேன்.

பாடிக்கொண்டே வந்தார் என்று கீழே நின்றவர்கள் சொல்கிறார்கள். எனக்குப் பாட்டு கேட்கவில்லை. கைதட்டல் மட்டும் மேலே வரை கேட்டது. பிறகு அது நின்றுவிட்டது. கம்பி கொஞ்ச நேரம் முனகிக்கொண்டிருந்தது. நான் உட்கார்ந்து வெற்றிலை போட்டேன். தங்கராஜா மலை ஏறி ஓடி வந்து, ‘மூணு தட்டு தட்டினேனே அண்ணே, மூணு தட்டினேனே’ என்று தலையில் அடித்துக்கொண்டான். ‘கேட்டுச்சுப்பா’ என்று அவனிடம் அப்போதே சொன்னேன். அவன் காதில் அது ஏறவில்லை.

ஏன் செய்தாய் என்று கோர்ட்டுத் துரை கேட்பார். அங்கம்மாவுக்கு ஆசனம் தருவதாக அவர் நாலு பேர் முன்னால் வாக்குக் கொடுத்தார். அவள் போய்ச் சேர்ந்த இடத்துக்கு அவரும் போனால்தானே கொடுக்க முடியும்? ஆகவே அனுப்பி வைத்தேன். தப்பாகக் கேட்கவில்லை, கை தவறவில்லை. தெரிந்துதான் கொன்றேன். எனக்கு இனிப் பார்க்க வேண்டியது ஒன்றும் இல்லை. துரை எதை விதித்தாலும் சரி.

‘அந்தப் புள்ள கையில’ என்று பாதியில் நின்றுபோனதே, அதை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். கையில் வளையல் என்றுதான் அவர் சொல்ல வந்தார். சிவப்பு வளையல் யார் கண்ணிலும் படும் அல்லவா? வேறொன்றும் இல்லை.

வளையலை அவள் மறுநாள் காலையில் வாங்கினாள் என்று சற்று முன்னால் சொல்லிவிட்டேன். அந்த வரியை அடித்துவிடுங்கள், முதலியார் ஐயா. நாடகத்துக்கு முன்னாலேயே வாங்கிவிட்டாள் என்று போட்டுக்கொள்ளுங்கள்.