மூடிக்கிட்ட பவளம்

— உள்ள கையை விடாதீங்க அண்ணி. நேத்து வரைக்கும் இந்தப் பவளம் ஓரமா நாலஞ்சு விரலாவது நீட்டிக்கிட்டு இருந்துச்சு. இன்னிக்கு அதுவும் இல்லீங்க.

— நான் எங்க விட்டேன், கண்ணாடியிலதான் கை வெச்சிருக்கேன். பொம்மிடியில இருந்து பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்திருக்கேன், வாசப்படி தாண்டறதுக்குள்ள மீன் தொட்டிகிட்ட இழுத்தாந்து நிறுத்தற. வீடியோவை மட்டும் அனுப்பிட்டு போனை எடுக்காம இருந்தா நான் என்னன்னு நெனைக்கறது சுகுணா?

— போன் சைலண்ட்ல கெடந்துச்சுங்க. இருங்க, குடிக்கத் தண்ணி எடுத்தாரேன்.

— தண்ணி கெடக்கட்டும். எந்தம்பிகிட்ட இருந்து சேதி ஏதாச்சும் உண்டா?

— சண்டை நடக்கற கடல் வழியா கப்பல் போவுது, தாண்டற வரைக்கும் பேச முடியாதுன்னு சொன்னாருங்களே. அதுக்கப்பறம் அவரு குரலை நான் கேக்கலீங்க.

— எங்கிட்டயும் அதான் சொன்னான். தாண்டிட்டா அவனே கூப்பிடுவான். கப்பல்ல இஞ்சின் பாக்கறவனுக்கு இதெல்லாம் புதுசா என்ன. ஆமா, என்னமோ உர்ருங்குதே, என்னது?

— தொட்டி மோட்டாருங்க. அது எப்பவும் அப்படித்தான். அண்ணி, இதைப் பாருங்களேன். நீங்க பொங்கலுக்கு வந்தப்ப காளானாட்டம் குடை விரிச்சு, மேல பூராவும் விரல் விரலா ஆடிக்கிட்டு இருந்துச்சு. இப்ப வெந்த தோலாட்டம் சுருங்கிக் கெடக்கு.

— சரி, அழுவாத. சேலத்துல அந்த மீன் கடைக்காரருக்கு உன் வீடியோவை அனுப்பி வெச்சேன். அவரு கேக்கச் சொன்னதை ஒண்ணொண்ணா கேக்கறேன், மறைக்காம சொல்லு. போர் தண்ணி ஊத்துனியா?

— நம்மூரு போர் தண்ணிய மனுசங்களே குடிக்கறதில்ல, பல்லு காவியேறிப் போவுது. இதுக்குப் போய் ஊத்துவனுங்களா? பில்டர் தண்ணியிலதான் உப்பு கலக்கறேன். உங்க தம்பி காட்டிக் குடுத்த அளவுதான்.

— லைட்டு?

— காலையில போட்டு சாயங்காலம் அமத்தறேனுங்க.

— கொசு மருந்து அடிச்சியா? பினாயில் போட்ட கையோட உள்ள விட்டியா?

— சோப்பு போட்ட கையைக்கூட விட்டதில்லீங்க.

— அப்ப பயப்பட ஒண்ணுமில்ல புள்ள. இந்த சாதி பவளம் அப்பப்ப மேல மெழுகாட்டம் ஒரு தோலு கட்டிக்கும், அதை உரிச்சுப் போடற வரைக்கும் மூடிக்கிட்டுதான் கெடக்குமாம். பொறவு பழையபடி விரிஞ்சுக்குமாம்.

— அது எனக்கும் தெரியுங்க, முன்னாடி ரெண்டு வாட்டி உரிச்சிருக்கு. இது அப்படியில்ல. ஓரத்துல பாருங்க, கறுத்து கரைஞ்சு போவுது. அண்ணி, எனக்கு ரொம்ப பயமா இருக்குங்க.

— ஒரு பவளத்துக்கா இவ்வளவு பயம் உனக்கு?

— பவளத்துக்கு இல்லீங்க. கெளம்பற அன்னிக்கு அவரு இதைக் காட்டி ஒண்ணு சொன்னாரு. நான் பேச முடியாத எடத்துல இருந்தா இதைப் பாத்துக்க சுகுணா, இது விரிஞ்சு இருந்துச்சுன்னா நான் நல்லா இருக்கேன்னு அர்த்தம்னு.

— வெளையாட்டுக்குச் சொல்லியிருப்பான். சின்னதுல இருந்தே அவனுக்கு வாய் சும்மா இருக்காது.

— சிரிச்சுக்கிட்டுதான் சொன்னாரு. ஆனா அவரு கப்பல் அந்தக் கடலுக்குள்ள போன பொறவுதான் இது மூட ஆரம்பிச்சுது. மொதல்ல தொட்டியில இருந்த நத்தைங்க செத்துச்சு. நாலும் ஒண்ணு பின்னால ஒண்ணா கீழ வுழுந்து கெடந்துச்சு. அப்பறம் இது.

— இரு. நத்தை செத்துச்சா?

— ஆமாங்க.

— மீனு?

— மீனு ரெண்டும் நல்லாத்தான் திங்குது. ஏனுங்க?

— கடைக்காரரு கடைசியா அதைத்தான் கேட்டாரு. மீனு நல்லா இருந்து நத்தை மட்டும் செத்திருந்தா, தண்ணியில செம்பு கலந்திருக்குதான்னு பாக்கச் சொன்னாரு. மீனு கொஞ்ச நாள் தாங்குமாம். நத்தையும் பவளமும் தாங்காதாம். செப்புக் காசு, ஒயரு ஏதாச்சும் உள்ள வுழுந்துச்சா?

— காசெல்லாம் வுழுவலீங்க.

— ஏன் தொட்டிக்குப் பின்னாடி போய் மறைச்சுக்கிட்டு நிக்கற? இந்த பில்டர் டப்பாவுல என்ன இருக்குது?

— அண்ணி, வேண்டாங்க. அந்த மூடியைத் தொறக்காதீங்க.

— நவுரு. என்னமோ பச்சையா ஒட்டிக்கிட்டு இருக்குது. சுகுணா, இது செப்புத் தகடு. மாதேஷுன்னு எந்தம்பி பேரு வேற கீறியிருக்குது. யாரு போட்டது?

— நான்தானுங்க.

— நீயா?

— அவரு பேச முடியாதுன்னு சொன்ன மறுநாளு முனியப்பன் கோயில் பூசாரிகிட்ட போனேன். அவரு பேரை எழுதி மந்திரிச்சுக் குடுத்தாரு. வூட்டுல சாமி படத்துக்குப் பின்னால வெய்யின்னுதான் சொன்னாரு. எனக்குத்தான் மனசு கேக்கல. அவரு கடல்ல கெடக்கறாரு, இந்த வூட்டுல கடல் தண்ணின்னு இருக்கறது இது ஒண்ணுதான். இதுல போட்டா அவருகிட்ட போய்ச் சேரும்னு நெனச்சேன்.

— அட பாவி புள்ள.

— அவருக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுன்னுதானுங்க போட்டேன். நானே விசத்தைப் போட்டுட்டு, தெனம் இது முன்னால உக்காந்து அழுதுக்கிட்டு இருந்திருக்கேன்.

— அழுதது போதும், இன்னும் சாவல அது. நடுவுல இன்னும் சதை கெட்டியாத்தான் இருக்குது. உப்புத் தண்ணி கலக்கி வெச்சிருக்கியா?

— நேத்து கலக்குனது டிரம்முல இருக்குதுங்க.

— புது பக்கெட்டுல ஊத்திக் கொண்டா. இதைக் கல்லோட தூக்கி அதுல வெச்சிரலாம். தொட்டித் தண்ணியை அப்பறம் கொஞ்சம் கொஞ்சமா மாத்திக்கலாம். செம்பை உறிஞ்சற பை ஒண்ணும் எதுக்கும் இருக்கட்டும்னு கடைக்காரரு குடுத்து விட்டிருக்காரு, என் பையில இருக்குது பாரு.

— பொழைச்சுக்குமுங்களா?

— பொழைக்கும். எனக்கே இப்பதான் மூச்சு வருது. உன் வீடியோவைப் பாத்ததுல இருந்து எனக்கும் அவனை நெனச்சு பயமாத்தான் இருந்துச்சு. உங்கிட்ட சொல்லல. இப்ப பாரு, செம்பு கெடந்துச்சு, சுருங்கிருச்சு. அவ்வளவுதான் சங்கதி.

— அப்ப இது மூடிக்கிட்டதுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லீங்களா?

— ஒரு சம்பந்தமும் இல்ல. நிம்மதியா இரு.

— அது எப்படிங்க அண்ணி. மூடுனதுக்கு சம்பந்தம் இல்லைன்னா, நாளைக்கு இது விரிஞ்சாலும் அதுக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லதானுங்களே.

— குதர்க்கம் பேசாத. தொட்டி மோட்டாரை நிறுத்து, தண்ணி ஆடாம இருந்தாத்தான் தூக்க முடியும்.

— நிறுத்திட்டேனுங்க.

— கையில உறையை மாட்டிக்க. அடியில புடி, கல்லைப் புடி, அதைப் புடிக்காத. மெதுவா. வழுக்குது பாரு.

— புடிச்சுட்டேனுங்க.

— அப்படியே எறக்கு. ம், உக்காந்துக்கிச்சு. இனி அதைப் பாத்துக்கிட்டே நிக்காத, உடனே விரிஞ்சுராது. நாளு ஆவும். சுகுணா, மோட்டாரை நிறுத்திட்டேல்ல?

— பிளக்கையே புடுங்கிட்டேனுங்க.

— அப்பறம் ஏன் இன்னும் உர்ருங்குது? சமையக்கட்டுல இருந்துல்ல வருது. நின்னுருச்சு. பாரு, மறுபடியும். ஏய், எங்கிட்ட பாரு. என்னது அது?

— போனுங்க அண்ணி. அரிசி டின்னுக்குள்ள போட்டு வெச்சிருக்கேன். நேத்துல இருந்து கப்பல் ஆபீஸ்காரங்க கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. இது விரிஞ்ச பொறவு எடுக்கலாம்னு இருந்தேனுங்க.